கட்சுடோன் செய்த ஞாயிற்றுக்கிழமைகள்

என் மனைவி ஜப்பானுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "போயிட்டு வா, வீட்ட நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் படும் கோபத்தைப் பார்த்து யாரும் அவள்மேல் மட்டும் பழி போட்டுவிடக் கூடாது.

அவள் இங்கே மலேசியாவில், ஷா ஆலமில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். முதலாளிகள் ஜப்பான்காரர்கள். நகோயாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய தலைமைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்க்க இங்கிருந்து ஒருவர் போக வேண்டும் என்று வந்தபோது அவளைக் கேட்டார்கள். நான் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் சுங்கப் படிவங்களை நிரப்புகிறவன். பல வருடமாக அதே நாற்காலி. எங்களுக்கு ஒரே மகள், அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்திருந்தாள். கிள்ளானில் வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன டெரஸ் வீடு. இரண்டு தெரு தள்ளி என் அக்கா.

"பொண்டாட்டிய பிளேன் ஏத்திட்டு நீ சட்டி கழுவப் போறியாடா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, முதல் மூன்று மாதம் டப்பாவில் சாம்பாரும் கோழிக் குழம்பும் அனுப்பினாள். பிறகு நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரசம், நெத்திலி சம்பல், பொரித்த மீன், ஞாயிற்றுக்கிழமை கோழி என்று என் கைக்கு ஒரு வரிசை பழகிவிட்டது. மகளும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. உண்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அலுவலகத்தில் யாராவது வீட்டு நிலைமையை விசாரித்தால், பெரிய விஷயமே இல்லை என்பதுபோல் தோளைக் குலுக்குவேன்.

மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் இருந்தபோது, பள்ளி விடுமுறைக்கு அவளை இரண்டு வாரம் அம்மாவிடம் அனுப்பினேன். ஷா ஆலமில் மனைவியோடு வேலை செய்த ஒருவர் குடும்பத்தோடு அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போனார். அவர்களோடு போய் அவர்களோடு திரும்பி வந்தாள்.

வந்த நாளிலிருந்து அவள் சாப்பாடு பாதியாகிவிட்டது. "போதும்ப்பா" என்பாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைப்பாள். முன்பெல்லாம் தட்டைக் கழுவச் சொல்லி நான் நாலு தடவை கத்த வேண்டும். இப்போது சொல்லாமலே கழுவினாள். என்னை நேராகப் பார்ப்பதில்லை. என்னம்மா என்று கேட்டால், "ஒண்ணும் இல்லப்பா, டயர்ட்" என்பாள்.

ஒரு சாயங்காலம் அவள் கீழே ஹாலில் உட்கார்ந்து அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். நான் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். "அந்தக் கடை கட்சுடோன் மாதிரி இங்க எதுவுமே இல்லமா" என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. அதற்கு மனைவி என்னவோ சொன்னாள். மகள் சிரித்தாள். வந்து இரண்டு வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் சிரித்துக் கேட்டேன்.

துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு மாடியிலேயே போனில் தேடிப் பார்த்தேன். பன்றி இறைச்சித் துண்டை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, வெங்காயமும் முட்டையும் சேர்த்து இனிப்பான சாற்றில் ஒரு கொதி விட்டு, சோற்றின்மேல் கவிழ்ப்பது. அவ்வளவுதான். இதைச் செய்ய முடியாதா எனக்கு என்று நினைத்தேன். அவள் என்னைச் செய்யச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அதையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் பன்றி சாப்பிடுவோம், ஆனால் வெளியில்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு என் மனைவி போட்ட முதல் சட்டம் அது: வீட்டுக்குள் பன்னி சமைக்கக் கூடாது. நானும் பதின்மூன்று வருடமாக அதை மீறியதில்லை. இப்போது அவள் நகோயாவில் வாரத்துக்கு இரண்டு தடவை அதைத்தான் சாப்பிடுகிறாள் என்று மகள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. பின்பக்கம் கூரை போட்ட சமையல்கட்டு ஒன்று இருக்கிறது. கருவாடு பொரிக்க மட்டும் பயன்படும் இடம். அங்கே பழைய கேஸ் அடுப்பை வைத்து, தனியாக ஒரு சட்டியும் ஒரு கரண்டியும் வாங்கினேன். சட்டத்தை முழுசாக உடைக்கவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதல் ஞாயிறு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். பன்றி இறைச்சியும் மதுவும் தனிப் பகுதியில், தனிக் கவுண்டரில் இருக்கும். அங்கே உறைந்த இறைச்சி மட்டும்தான் கிடைத்தது, காகிதம்போல் மெல்லியதாகச் சீவியது. ரொட்டித்தூள் என்று எழுதியிருந்த முதல் பாக்கெட்டை எடுத்தேன். ஆரஞ்சு நிறத்தில் ரவைபோல் இருந்தது. பொரித்து எடுத்ததைத் தட்டில் போட்டபோது டக்கென்று சத்தம் வந்தது. மகள் ஒரு துண்டைக் கடித்து, நெடுநேரம் மென்றாள்.

"நல்லா இருக்குப்பா" என்றாள்.

"அந்தக் கடை மாதிரி இருக்கா?"

"அது வேற மாதிரி. இது இது மாதிரி."

அடுத்த ஞாயிறு காலையில் கிள்ளான் பாசாருக்கு, இறைச்சியும் மீனும் விற்கும் சந்தைக்குப் போனேன். இறைச்சி வெட்டும் சீன அங்கிள் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு கிலோவை எடுத்து மரக்கட்டையில் போட்டு, படபடவென்று சின்னத் துண்டுகளாக வெட்டித் தள்ளிவிட்டார். "அங்கிள், எனக்கு இப்படி வேண்டாம், பெரிய துண்டாக, பொரிப்பதற்கு" என்று மலாயில் சொல்ல வாயெடுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"நீங்க எல்லாரும் வறுவலுக்குத்தானே வாங்குவீங்க" என்றார், பையைக் கட்டிக்கொண்டே.

நான் வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு வழியில்லாமல் மிளகும் பட்டையும் போட்டு வறுவல் செய்தேன். அன்றைக்கு மகள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். அது என் கண்ணில் படவே இல்லை. எனக்கு அந்த அங்கிள்மேல் இருந்த எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. ஒரு வாரம் வீணாகப் போனது என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், அந்த ஐந்து ஞாயிறுகளிலும் அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மூன்றாவது ஞாயிறு தயாராகப் போனேன். அங்கிளிடம் போனில் படத்தைக் காட்டினேன். முதுகுப் பகுதி, ஒரு விரல் தடிமன், ஓரத்தில் கொழுப்பு. அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அருமையாக மூன்று துண்டு வெட்டிக் கொடுத்தார். ஜப்பானிய ரொட்டித்தூளும் கிடைத்தது, தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளையாக, பெரிது பெரிதாக. மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவையும் அந்தத் தனிக் கவுண்டரில் வாங்கினேன். சாற்றுக்கு ஜப்பானில் ஏதோ மீன் சீவலைக் கொதிக்க வைக்கிறார்கள். அது கிடைக்காததால் நெத்திலியைப் போட்டுக் கொதிக்க வைத்தேன்.

எல்லாம் சரியாக இருந்தும் சட்டியில் போட்டதும் இறைச்சி கிண்ணம்போல் மடங்கிக்கொண்டது. கொழுப்புக்கும் சதைக்கும் நடுவில் இருக்கும் ஜவ்வை நாலைந்து இடத்தில் வெட்டிவிட வேண்டுமாம். அதைப் பிறகுதான் படித்தேன். மடங்கிய துண்டின் நடுவில் எண்ணெய் படவில்லை, ஓரம் கருகியது. அறுத்துப் பார்த்தால் உள்ளே ரோஜா நிறம். திரும்பவும் எண்ணெயில் போட்டேன். சாற்றில் வைத்தபோது ரொட்டித்தூள் சட்டை கழற்றுவதுபோல் மொத்தமாகக் கழன்று வந்தது. அதன்மேல் முட்டையை ஊற்றினேன். முட்டை பாதி வெந்தும் வேகாமலும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பச்சை முட்டையைப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று பயந்து இன்னும் இரண்டு நிமிடம் மூடி வைத்தேன். கிடைத்தது வெங்காய ஆம்லெட். கீழே வாசனை அரிசிச் சோறு, பொலபொலவென்று. அவள் முள்கரண்டியால் அள்ள அள்ளச் சோறு ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கமாகப் பிரிந்து போனது.

"நல்லா இருக்குப்பா" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. நல்லா இல்லை என்று சொல்லியிருந்தால்கூடச் சரிசெய்திருப்பேன். உப்பு அதிகமா, இனிப்பு அதிகமா, எண்ணெயா, எதையாவது சொல்லலாமே. விருந்துக்கு வந்த வீட்டில் பேசுவதுபோல் என்னிடம் பேசினாள். பெற்ற மகளிடம் மரியாதை கிடைப்பது எவ்வளவு கசப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது.

நான்காவது ஞாயிறு முட்டை சரியாக வந்தது, ஆனால் ஆவலில் சாற்றை அதிகம் ஊற்றிவிட்டேன். கிண்ணத்தில் கஞ்சிபோல் நின்றது. அவள் பாதி சாப்பிட்டு, "போதும்ப்பா" என்றாள். நான் மீதியைச் சாப்பிடாமல் அப்படியே குப்பையில் கொட்டினேன். சட்டியை சின்க்கில் போட்ட சத்தத்தில் அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் மனைவியிடம் போனில் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை நான் சமைக்கிறப்போ நீ வீடியோல இரு. என்ன தப்புன்னு பாத்துச் சொல்லு."

"பின்னாடி அடுப்புலதானே?" என்று கேட்டாள். சட்டத்தை அவள் மறக்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு சாயங்காலம் போனை சோயா சாஸ் பாட்டில்மேல் சாய்த்து வைத்தேன். அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். அவள் குளித்து முடித்து ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பின்பக்கச் சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மா வாரம் தவறாமல் குவே பலகாரம் செய்து எங்களுக்குக் கொடுத்து அனுப்புவார். அவர்கள் சமையலறை ஜன்னல் எங்கள் பின்கதவுக்கு நேராக இருப்பதால், இந்த வாசனை அங்கே போகக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுவேன். உள்ளே ஒரே புகை. வியர்வை கண்ணுக்குள் வழிந்தது.

"எண்ணெ ரொம்ப சூடா இருக்கு போல, கொஞ்சம் கொறைங்க" என்றாள்.

குறைத்தேன்.

"மாவு அதிகமா ஒட்டியிருக்கு. தட்டி விடுங்க. அதுக்கப்புறம்தான் முட்டை."

தட்டினேன்.

"அமுக்காதீங்க, அமுக்காதீங்க. ரொட்டித்தூள மேல தூவுற மாதிரி போடணும்."

தொழிற்சாலையில் இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பொரித்தேன். பொன்னிறமாக வந்தது. அறுத்தேன், உள்ளே வெந்திருந்தது. எனக்கு மூச்சு வந்தது. சின்னச் சட்டியில் வெங்காயம் சாற்றில் வெந்துகொண்டிருந்தது. துண்டுகளை அடுக்கி, முட்டையை ஊற்றி மூடினேன்.

"மூடியத் தொறக்காதீங்க. நான் சொல்றப்போ தொறங்க."

அந்த நேரம் பார்த்து அங்கே கதவு தட்டும் சத்தம். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனாள். யாரோ ஒரு பெண்ணோடு ஜப்பானிய மொழியில் பேசுவது கேட்டது. என்ன பேசினார்கள் என்று புரியவில்லை. அவள் சிரித்தாள், திரும்பத் திரும்ப. அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதாக இருந்தது. நான் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் மூன்று நிமிடமானது. திறக்கவா வேண்டாமா? கடைசியில் திறந்தேன். ஆவி நேராக மணிக்கட்டில் அடித்தது. கையை உதறியதில் மூடி தரையில் விழுந்து உருண்டது. முட்டை கல்லாகியிருந்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "ஏன் தொறந்தீங்க? நான் சொல்றேன்னு சொன்னேன்ல?"

"நீ இத எத்தன தடவ செஞ்சிருக்க?" என்று கேட்டேன்.

"என்ன?"

"இந்தக் கட்சுடோன. உன் கையால எத்தன தடவ செஞ்சிருக்க?"

"நான் எங்கங்க செய்றது? என் ரூம்ல ஒரு மின்சார அடுப்புதான் இருக்கு. கடையிலதான் சாப்பிடுவேன்."

"அப்போ எதுக்கு எனக்குப் பாடம் எடுக்கிற?"

"நீங்கதானே பாக்கச் சொன்னீங்க?"

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. "இங்க ஒருத்தன் புகையில நின்னு வெந்துகிட்டு இருக்கான். உனக்குப் பேச ஆள் இருக்கு, சிரிக்க ஆள் இருக்கு. நீ அங்க உக்காந்து மூடியத் தொறக்காதன்னு சொல்லு" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிறகு போனை அணைத்தேன்.

மணிக்கட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றபோது, மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"ப்பா, அம்மாவத் திட்டாதீங்க."

"திட்டலம்மா. பேசிக்கிட்டு இருந்தோம்."

அவள் நகத்தைக் கடித்தாள். "அம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

"என்னத்தச் சொன்னாங்க?"

"இன்னும் ஒரு வருஷம் அங்க இருக்கப் போறாங்கன்னு."

தண்ணீரை மூடினேன். "யாரு சொன்னா?"

"அம்மாதான். நான் அங்க போயிருந்தப்போ. ஆபீஸ்ல கேட்டிருக்காங்களாம், அம்மா சரின்னு சொல்லிட்டாங்களாம். அப்பாகிட்ட நானே சொல்றேன், நீ சொல்லாதேன்னாங்க. தெனமும் இன்னைக்கு சொல்லிருவாங்க, இன்னைக்கு சொல்லிருவாங்கன்னு பாத்தேன். அவங்க சொல்லவே இல்ல."

ஏழு வாரம். பதினான்கு வயதுப் பிள்ளை அதை ஏழு வாரம் வயிற்றில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து பாதித் தட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். நான் ரொட்டித்தூளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கட்சுடோன் வேணாம்பா" என்றாள். "நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இத செய்றப்போ எனக்கு அழுகையா வருது. ப்ளீஸ், இனிமே செய்யாதீங்க."

"நீ நல்லா இருக்குன்னு சொன்னியே."

"வேற என்ன சொல்றது?" என்று அழ ஆரம்பித்தாள்.

அவளை அணைத்துக்கொண்டேன். என் சட்டையெல்லாம் எண்ணெய் நாற்றம். அப்படியே நின்றாள். அன்றைக்கு இருவரும் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டிச் சானாய் வாங்கிச் சாப்பிட்டோம். அவள் இரண்டு சாப்பிட்டாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் காரைத் துறைமுகச் சாலையில் ஒரு மரத்தடியில் நிறுத்தி மனைவியைக் கூப்பிட்டேன். பக்கத்தில் கன்டெய்னர் லோரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் போகும்போது கார் ஆடியது.

"பிள்ள சொல்லிட்டா" என்றேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்றுகூடக் கேட்கவில்லை. "சாரிங்க" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? பிள்ளகிட்ட சொல்லத் தெரிஞ்ச உனக்கு எங்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"அவகிட்ட சொல்லணும்னு நெனைக்கல. நான் போன்ல பேசினதக் கேட்டுட்டா. அப்புறம் மறைக்க முடியல."

"எங்கிட்ட மறைக்க முடிஞ்சுது."

ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "உங்ககிட்ட சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். சரி, போயிட்டு வான்னுதான் சொல்லுவீங்க. போன தடவையும் அப்படித்தான் சொன்னீங்க. சொல்லிட்டு ரெண்டு வாரம் எல்லாக் கதவையும் அறைஞ்சு சாத்தினீங்க. நான் பெட்டி கட்டுறப்போ ஒரு வார்த்த பேசல. வாயால சரின்னு சொல்லிட்டு, கோபத்தையெல்லாம் சட்டி பானையில காட்டுவீங்க. அதத் திரும்பப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

நான் அப்படிச் செய்தேனா? கதவு சாத்தியது எனக்கு நினைவில்லை. ஆனால் நான்காவது ஞாயிறு சட்டியை சின்க்கில் போட்ட சத்தமும், மகள் திரும்பிப் பார்த்த பார்வையும் நினைவில் இருந்தன.

"சரி, இப்போ வாயால சொல்றேன்" என்றேன். "எனக்குப் பிடிக்கல. இன்னும் ஒரு வருஷம் வேணாம். எனக்கு முடியல."

சொல்லிவிட்டு எனக்கே பயமாக இருந்தது. அவள் அழுகிறாள் என்று நினைத்தேன், இல்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, "இத நான் போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"அப்போ எனக்குத் தெரியல."

"எனக்கு இந்த வேல பிடிச்சிருக்குங்க. அதையும் நான் சொல்லியாகணும். உங்களையும் பிள்ளையையும் விட்டுட்டு இருக்கிறது பிடிக்கல, ஆனா வேல பிடிச்சிருக்கு. இங்க நான் சொன்னா கேக்குறாங்க."

பிடிக்கக் கூடாது என்று சொல்ல முடியுமா? இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. பசித்தது. சாயங்காலம் பேசலாம் என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம் பல சாயங்காலங்கள் பேசினோம். பேசினோம் என்பதைவிடச் சண்டை போட்டோம் என்பது பொருந்தும். கடைசியில் அவள் மேலதிகாரியிடம் போய், ஒரு வருடத்தை ஆறு மாதமாகக் குறைத்துக் கேட்டாள். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம், எனக்கு ஆறு மாதமும் அதிகம் என்று வருத்தம். இரண்டு பேருக்கும் திருப்தியில்லாத ஒரு முடிவுக்கு வந்து சேர எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. அக்காவிடம் சொன்னபோது, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள். அவள் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டி கழுவுவதைப் பற்றித்தான் சொன்னாள்.

மகள் பழையபடி சாப்பிட ஆரம்பித்தாள். பழையபடி தட்டைக் கழுவாமல் வைத்தாள், நானும் பழையபடி கத்தினேன். கட்சுடோன் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்து ஞாயிறு செலவழித்து, கையைச் சுட்டு, குடும்பத்தையே கலக்கிவிட்டு, ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லையே. யாருக்காகச் செய்தேனோ அவளுக்கு வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அது என்னை விடவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, மகள் நெட்பால் போட்டிக்காக ஷா ஆலம் போயிருந்தாள். நான் பாசாருக்குப் போனேன். அங்கிள் என்னைப் பார்த்ததும் கேட்காமலே முதுகுப் பகுதியை எடுத்து ஒரு விரல் தடிமனில் வெட்டினார்.

வீட்டில் ஆள் இல்லை. போன் ஹாலில் கிடந்தது. ஜவ்வை வெட்டினேன், மாவைத் தட்டிவிட்டேன், ரொட்டித்தூளை அமுக்காமல் தூவினேன். எண்ணெயில் ஒரு சிட்டிகை தூளைப் போட்டு அது மெதுவாகப் பொரிவதைப் பார்த்துக்கொண்டேன். ஜப்பானிய அரிசி சின்னப் பாக்கெட் ஒன்று வாங்கியிருந்தேன், ஒட்டிக்கொள்கிற அரிசி. சாறு கொஞ்சமாக. முட்டையை இரண்டு தடவையாக ஊற்றி, இரண்டாவது ஊற்றியதும் அடுப்பை அணைத்து மூடினேன். மனதுக்குள் முப்பது எண்ணித் திறந்தேன். முட்டை தளதளவென்று ஆடியது. மொத்தமாகச் சோற்றின்மேல் சரித்தேன். ஒரு துண்டும் நழுவவில்லை.

நின்றபடியே ஒரு வாய் எடுத்தேன். மேலே இனிப்பில் ஊறி மெத்தென்று இருந்தது, அடிப்பக்கம் இன்னும் மொறுமொறுப்பு. இதைத்தான் சொன்னார்களா என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வந்தது கோபம்தான். பார்க்க ஓர் ஆள் இல்லாத நாளில் வந்திருக்கிறதே. படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, "கடையிலயா?" என்று பதில் வந்தது.

மகளுக்கென்று ஒரு பங்கு எடுத்து மூடி வைத்திருந்தேன். அவள் வேர்த்து விறுவிறுத்து மூன்று மணிக்கு வந்தாள். அதற்குள் சாறு முழுவதையும் சோறு குடித்துவிட்டிருந்தது, மேல்மாவு ஊறிப்போய்த் தொளதொளவென்று கிடந்தது. அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன், கேட்கக் கூடாது என்று தெரிந்தும்.

"ஊறிப்போச்சுப்பா."

"சுடச்சுட நல்லா இருந்துச்சு."

"இருந்திருக்கும்லா" என்றாள். முழுவதையும் சாப்பிட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

மனைவி சொன்ன மாதத்தில் சொன்ன நாளில் திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். வந்த முதல் வாரம் அவளுக்கு வாழையிலைச் சாப்பாடும் மீன்தலைக் கறியும்தான் வேண்டியிருந்தது. ஜப்பானியச் சாப்பாடு என்றாலே வேண்டாம் என்றாள்.

எட்டாவது நாள் காலையில் அவள் சமையலறைக்குள் போய், இன்றைக்கு நான் சமைக்கிறேன் என்றாள். நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"உப்பு எங்க?"

"அடுப்புக்கு எடது பக்கம், மேல் தட்டு."

"அங்க ஏன் வச்சீங்க? எப்பவும் கீழதானே இருக்கும்?"

"எனக்கு அங்க இருந்தாதான் கை எட்டுது."

"எனக்கு எட்டலையே."

நான் எழுந்து போனேன். அவள் நடுவில் நின்று, புளி இருந்த இடத்தில் டீத்தூளையும், தாளிப்புச் சட்டி இருந்த இடத்தில் அரிசிப் பாத்திரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கீங்க. இது என் வீடு மாதிரியே இல்ல" என்றாள்.

"ரெண்டரை வருஷம் சமைச்சது நான்தானே" என்றேன்.

"அதுக்கு?"

"எனக்குத் தோதா வச்சேன். மாத்தணும்னா மாத்து. ஆனா உப்பு மேலதான் இருக்கணும்."

"முடியாது. கீழதான்."

இந்தத் தடவை நான் சரி என்று சொல்லவில்லை. அவளும் விடவில்லை. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மைலோ கலக்கிக்கொண்டு திரும்பவும் மேலே போய்விட்டாள். நாங்கள் புளியிலிருந்து ஆரம்பித்து, அலமாரி அலமாரியாக, சத்தம் போட்டுக்கொண்டே எடுத்து அடுக்கினோம். மதியச் சாப்பாட்டுக்கு மூன்று மணியானது.